தகவல் தருபவராகவே நின்றுவிட வேண்டியதில்லை

கேள்வி: நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டே பயணக் கட்டுரைகள் எழுதுகிறேன். சில கட்டுரைகள் வார இதழ்களில் வெளிவந்திருக்கின்றன. ஆனால் சென்னை ஆசிரியர்களுக்கு அனுப்பும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வருவதில்லை. இந்தப் பக்கம் வரும் பயண எழுத்தாளர்கள் எப்படியோ என் எண்ணைப் பெற்று அழைக்கிறார்கள். யாரைப் பார்க்கலாம், எப்போது போகலாம், எங்கே படகு கிடைக்கும் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார்கள். கட்டுரை வந்த பிறகு ஒரு வார்த்தை சொல்வதில்லை. இப்படிப்பட்டவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதால் என்ன பயன்? சென்னைக்குக் குடிபெயர்ந்தால்தான் இத்துறையில் நிலைக்க முடியுமா? கடற்கரை விடுதி ஒன்று இரண்டு நாள் இலவசமாகத் தங்கி எழுதித் தரச் சொல்கிறது. ஏற்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளில் வெளியூர் எழுத்தாளர்களைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றின் விடையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியூர் எழுத்தாளர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள் என்பது உங்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது. பல ஆண்டுகள் பயணப் பக்கங்களைத் தொகுத்தவன் என்ற முறையில் எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. இத்துறைக்குப் புதிதாக வருகிற பெரும்பாலானவர்கள் யாரை அழைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள், உங்களையோ அழைக்கிறார்கள். குறை அவர்கள் அழைப்பதில் இல்லை. அழைப்பு வந்ததும் என்ன செய்வது என்பதற்கு உங்களிடம் ஒரு முறை இல்லாததுதான் குறை. அந்த முறையை இன்றே வகுத்துக்கொள்ளலாம்.

ஒரு பயண எழுத்தாளர் இன்னொருவருக்கு உதவுவதில் மூன்று நிலைகள் உண்டு. அவற்றைக் கலந்துவிடும்போதுதான் கசப்பு வருகிறது. ராமேஸ்வரம் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, தனுஷ்கோடிச் சாலையில் மாலைக்குப் பிறகு வண்டிகளை விடமாட்டார்கள் என்பன போன்றவற்றை யார் கேட்டாலும் சொல்லுங்கள். இதற்குக் கைம்மாறு எதிர்பார்க்க வேண்டாம். நாளை நீங்கள் நாகப்பட்டினத்துக்கோ காரைக்காலுக்கோ போகும்போது இதையே அங்குள்ளவரிடம் கேட்பீர்கள். ஆனால் ஒருவர் வந்து, உங்களை ஒரு நாள் முழுவதும் உடனழைத்துச் சென்று, உங்களுக்குத் தெரிந்த சம்மாட்டியிடமும் (படகு உரிமையாளர்) கடற்பாசி எடுக்கும் பெண்களிடமும் அறிமுகம் பெற்று, பேச்சையெல்லாம் உங்கள் மூலமாகவே நடத்திக்கொள்கிறார் என்றால், அது தனி வேலை. பெரிய பத்திரிகைகளும் ஆவணப்பட நிறுவனங்களும் உலகம் முழுவதும் இதற்கு நாள் கணக்கில் ஊதியம் கொடுக்கின்றன. தமிழில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான். மூன்றாவது நிலையில், கட்டுரையின் கருவே உங்களுடையதாக இருக்கும். உங்கள் குறிப்புகளும் உங்கள் பல ஆண்டுக் கவனிப்பும்தான் அதன் உடம்பாக இருக்கும். அங்கே உங்கள் பெயரும் எழுத்தாளர் பெயராக வரவேண்டும்.

எந்த நிலை என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டுவிடுங்கள். கடுமையான சொற்கள் வேண்டியதில்லை. “நீங்கள் கேட்ட பொதுவான விவரங்களை அனுப்பியிருக்கிறேன். உடன் வந்து அறிமுகப்படுத்துவதென்றால் ஒரு நாளுக்கு இவ்வளவு பெறுகிறேன். கட்டுரையில் என் உதவியைக் குறிப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்; வெளிவந்ததும் ஒரு படி அனுப்புங்கள்” என்று நான்கு வரிகள் போதும். இதைப் படித்த பிறகும் தொடர்பு கொள்பவர்கள்தான் உங்கள் தொழில்முறை நண்பர்கள் ஆவார்கள். மற்றவர்கள் விலகிப்போனால் உங்களுக்கு நேரம் மிச்சம். அழைத்த எல்லோருக்கும் ஒரே அளவில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதில் உங்களுக்கும் நன்மை இல்லை, அவர்களுக்கும் பழக்கம் திருந்தாது.

இதோடு சேர்த்து, உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறாரோ, நீங்கள் எழுதுகிற மனிதர்களிடம் நீங்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள். அவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் என்பதால் அந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போகும் தீவுப் பகுதிகள் பல, 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே பாசி எடுப்பது குறித்து அவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே நெடுங்காலமாக உரசல் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பெண்மணியின் பெயரை விட்டுவிட்டு, அவருடைய தெருவையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கணவர் என்ன ஆனார் என்பதையும் எழுதி, எந்தத் தீவின் எந்தப் பக்கம் இறங்கினார் என்பதையும் சேர்த்துவிட்டால், சென்னை வாசகருக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதிகாரிகளுக்கும் தெரிந்துவிடும். கட்டுரை எழுதியவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அபராதம் கட்ட வேண்டியவர் அந்தப் பெண்மணிதான்.

கடல் அட்டை விஷயமும் இப்படித்தான். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். கரையில் பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னதை அவருடைய வாயிலிருந்து வந்ததாகவே எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வள்ளக்காரர் ஆழ்கடலில் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போய்வந்தார் என்று சுவைக்காக எழுதும் ஒரு வாக்கியம், எல்லை தாண்டினார் என்ற குற்றச்சாட்டுக்கே ஆதாரமாக எடுத்துக்காட்டப்படலாம். நீங்கள் அறிமுகப்படுத்தும் வெளியூர் எழுத்தாளர்களுக்கு இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்வது உங்கள் கடமை. அறிமுகம் செய்துவைக்கும்போதே, “இவர்கள் சொல்வதில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், வெளிவருவதற்கு முன்பு அவர்கள் பேச்சாக வருகிற பகுதியை மட்டும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்” என்று நிபந்தனை வையுங்கள். இந்த நிபந்தனையால் உங்களுடைய மதிப்பு குறையாது. பொறுப்புள்ள எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட ஒருவரைத்தான் ஒவ்வொரு ஊரிலும் தேடுகிறார்கள். உங்கள் பெயர் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதும் இதனால்தான்.

கட்டுரை வந்ததும் அதன் படியை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசிக்க இயலாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அப்போது வருகிற திருத்தங்கள் வேறெங்கும் கிடைக்காதவை. வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் எப்படி இருக்கும், கச்சான் என்னும் மேல்காற்று எழும்பினால் மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடலில் எத்தனை நாள் தொழிலுக்குப் போக முடியாது, எந்த மாதத்தில் படகுச் சவாரி என்று எழுதுவதே வாசகரை ஏமாற்றுவதாகும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெளிவாகும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. உயிரினங்களின் பெயர், பருவம், பவளப்பாறை பற்றிய ஐயங்களை எழுத்தில் கேட்டால், அங்குள்ள அறிஞர்களிடம் விடை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. கரை மக்களின் அனுபவம், அறிஞர்களின் விளக்கம் என்ற இந்த இரு பக்கத்தையும் கையில் வைத்திருக்கும் எழுத்தாளர் இந்தக் கரையில் அதிகம் பேர் இல்லை.

இனி, பதில் எழுதாத ஆசிரியர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிரியரின் மேசைக்கு நாள்தோறும் வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை, ஒரு ஊரைப் பற்றி எழுதட்டுமா என்றுதான் கேட்கின்றன. தனுஷ்கோடி என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால், 1964 டிசம்பர்ப் புயலும் இடிந்த தேவாலயமும் ஆசிரியருக்கு உடனே நினைவுக்கு வரும். அந்தக் கட்டுரையை அவர் பலமுறை அச்சிட்டிருப்பார். ஊரைச் சொல்லாதீர்கள்; இப்போது, இந்த மாதத்தில், ஏன் இந்தக் கட்டுரை என்பதைச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற 61 நாட்களில், ராமேஸ்வரத்துத் துறைமுகம் என்ன செய்கிறது, அந்நாட்களிலும் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் எது, அதை வாசகர் எங்கே உண்ணலாம் என்பது ஒரு கட்டுரை. உத்தரகோசமங்கையில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் மரகத நடராசர் மார்கழித் திருவாதிரையையொட்டி மட்டும் காப்பு களைந்து காட்சி தருகிறார். இதைப் பற்றிய யோசனை மார்கழியில் அனுப்பினால் வீண். மாத இதழானால் ஐப்பசிக்கு முன்பே ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா இஸ்லாமிய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. இதைக் கணக்கிட்டு, அடுத்த ஆண்டு எந்த வாரத்தில் வரும் என்று சொல்லி எழுதுகிற கடிதத்தை ஆசிரியர் எடுத்து வைத்துக்கொள்வார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போக முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும் என்பதும் அப்படித்தான். உள்ளூரில் இருப்பவருக்குச் சாதாரணமாகத் தெரிகிற இந்த நாட்கணக்கே சென்னை ஆசிரியருக்கு அரிய சரக்கு.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் கட்டுரை என்ன என்பதும், இரண்டாவதில் அதை ஏன் நீங்கள் எழுத வேண்டும் என்பதும், கடைசியில் எத்தனை சொல், எப்போது தருவீர்கள், படங்கள் உண்டா என்பதும் இருந்தால் போதும். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே யோசனையை வேறு இதழுக்கு அனுப்பிவிட்டு, முதல் ஆசிரியருக்கு வேறொன்றை அனுப்புங்கள். பதில் வராததை உங்கள் எழுத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியர்களிடமும் மூத்த எழுத்தாளர்களிடமும் அறிமுகம் பெற இன்னொரு வழி உண்டு. அதிகம் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை. உங்கள் கரையைப் பற்றி வருகிற கட்டுரைகளில் பழைய செய்திகள் அப்படியே படியெடுக்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி இப்போது செங்குத்தாக மேலெழும்புகிறது. ஆனாலும் 1914இல் திறந்த பழைய பாலத்தை ஆட்கள் கையால் இயக்கி விரித்துத் திறக்கும் காட்சியைக் காணலாம் என்று இன்னும் எழுதுகிறார்கள். மீன்பிடித் தடை 45 நாள் என்று எழுதுகிறார்கள். 2017இலேயே அது 61 ஆகிவிட்டது. வளைகுடாவில் 21 தீவுகள் என்று எழுதுகிறவர்கள் அவற்றில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டதைச் சொல்வதில்லை. அனுமதியின்றித் தீவுகளில் இறங்க முடியாது என்பதையும் சேர்க்காததால், படித்துவிட்டு வருகிற குடும்பங்கள் கரையில் நின்று படகுக்காரரோடு வாக்குவாதம் செய்கின்றன. இப்படியொரு பிழையைக் கண்டால் பொதுவெளியில் எழுதிக் குத்திக்காட்டாதீர்கள். எழுதியவருக்கே தனியாக, கட்டுரையில் நன்றாக இருந்தது எது என்று மனதாரச் சொல்லி, மாறிப்போன செய்தியைத் தேதியோடு தெரிவித்து, வேண்டுமானால் மேலும் விளக்கத் தயார் என்று எழுதுங்கள். நல்ல எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட கடிதத்தை மறக்கமாட்டார்கள். அடுத்த முறை இந்தப் பக்கம் பற்றி எழுதும்போது அச்சுக்கு முன்பே உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். எனக்குத் தெரிந்து இத்துறையில் நீடித்த நட்புகள் பலவும் இப்படி ஒருவர் பிழையை இன்னொருவர் மரியாதையோடு திருத்தியதில்தான் தொடங்கின.

சென்னைக்குக் குடிபெயர வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே போனால் இப்போது உங்களைத் தேடுகிறவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு மட்டும் போய்வாருங்கள். மாலையிலும் விடுமுறை நாளிலும் யாரிடமும் இரண்டு வார்த்தை பேச முடியாது. வேலைநாளில், அரங்கு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் போனால் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் நின்று பேசுவார்கள். ராமநாதபுரத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவையும் விட்டுவிடாதீர்கள். பேச வருகிற எழுத்தாளர்களுக்கு அன்று பகல் முழுவதும் ஊரில் வேறு வேலை இருக்காது. அகழாய்வு நடந்த அழகன்குளத்துக்கோ கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்கோ அழைத்துச் செல்லட்டுமா என்று நீங்கள் கேட்டால் மறுப்பவர் அரிது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் உங்களைப் போலவே எழுதுகிற ஓரிருவரைத் தேடிப் பிடியுங்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதுகிறவர்களையும் மறக்க வேண்டாம். உங்களுடையதும் அவர்களுடையதும் ஒரே கடல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலத்தின் மறுபாதி அவர்களுடைய ஊர்களில்தான் இருக்கிறது. ஐந்தாறு பேர் ஒருவர் பிரதியை ஒருவர் அச்சுக்கு முன் வாசித்துச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான பெயரட்டைகளை விட அது உங்களுக்கு உதவும்.

விடுதியின் அழைப்பைப் பொறுத்தவரை, முதலில் நீங்கள் எழுதப்போகும் இதழின் ஆசிரியரிடம் கேளுங்கள். இலவசத் தங்கலில் எழுதியதை ஏற்காத இதழ்கள் உண்டு. அவர் இசைந்தால், எழுதுவதை விடுதிக்கு முன்கூட்டிக் காட்டமாட்டேன், குறைகளும் எழுதுவேன், விருந்தினராகத் தங்கினேன் என்பதைக் கட்டுரையிலேயே தெரிவிப்பேன் என்ற மூன்றையும் விடுதிக்கு எழுத்தில் சொல்லுங்கள். சமூக ஊடகத்தில் பதிவதானால் இது வெறும் நாகரிகம் மட்டுமல்ல. இந்திய விளம்பரத் தரநிலைக் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்டதும் இப்படிப் பெற்ற பயனை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. ஒரே நிறுவனத்திடமிருந்து ஓராண்டில் பெறும் இத்தகைய பயனின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரிப் பிடித்தம் உண்டு என்ற விதியும் 2022 ஜூலை முதல் இருக்கிறது. கணக்கெழுதுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் பிறகு விடுதி தயங்கினால், அவர்கள் கேட்டது விளம்பரம் என்று அறிந்து விலகிக்கொள்ளுங்கள். விளம்பரம் எழுதித் தருவதும் நேர்மையான வேலைதான். ஆனால் அதற்குரிய கூலியைப் பெற்று, உங்கள் பயணக் கட்டுரைகளோடு கலக்காமல் எழுத வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். தனித்து எழுதுகிறவரின் கட்டுரைக்கு முதல் உரிமையாளர், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். படங்களில் மட்டும் விழிப்பாக இருங்கள். ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமையாளர் அவரே. வெளியூர் எழுத்தாளர் உங்களை அழைத்து, வழிகாட்டும் ஊதியத்தோடு படமும் எடுத்துத் தரச் சொன்னால், படங்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதி, உரிமை உங்களுடையது என்று அவரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே கேமராவை எடுங்கள்.

சன்மானத்தைப் பற்றி நம் எழுத்தாளர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பதால் எல்லோருக்கும் நட்டம். எந்த இதழ் எவ்வளவு தருகிறது, எத்தனை மாதத்தில் தருகிறது என்பதை நீங்கள் நம்புகிற ஐந்தாறு பேரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் கேட்டால் நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குக் கிடைத்ததை விட அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தால், அடுத்த கட்டுரைக்கு ஆசிரியரிடம் அதே தொகையைக் கேட்டு எழுதத் தயங்க வேண்டாம்.